ஓட்டும்போது கவனம் சிதறினால்: கார் ஓட்டுபவர்களும் அவர்கள் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விழுப்புரத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். எல்.எல்.ஆர். போட்டுவிட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள் முதல், பணி ஓய்வுக்குப் பிறகு முதன்முதலாகக் கார் வாங்கியவர்கள் வரை எங்களிடம் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களும் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் தினமும் போய்வருபவன் என்பதால், விபத்து நடந்த இடங்களைக் கடக்காத மாதமே எனக்கு இருந்ததில்லை. அந்த வேதனையும் இந்தப் பதில்களில் கலந்தே இருக்கும்.

கவனச்சிதறல் என்றால் செல்போன் பேசுவது மட்டும்தானா?

இல்லை. கண் சாலையை விட்டு விலகுவது ஒன்று. கை ஸ்டியரிங்கை விட்டு விலகுவது ஒன்று. கண்ணும் கையும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தும் மனம் வேறெங்கோ போய்விடுவது மற்றொன்று. கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலைக் குனிந்து எடுப்பது, பாட்டு மாற்றுவது, டோல்கேட் நெருங்கும்போது பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது, பின் இருக்கையில் சண்டை போடும் பிள்ளைகளைத் திரும்பி அதட்டுவது, காலையில் அலுவலகத்தில் நடந்த வாக்குவாதத்தை மனத்துக்குள் தொடர்ந்துகொண்டே ஓட்டுவது ஆகிய எல்லாமே கவனச்சிதறல்தான். செல்போனைப் பற்றி அதிகம் பேசுவதற்குக் காரணம், அது இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் பறித்துக்கொள்கிறது என்பதே.

ஒரு நொடி பார்த்துவிட்டு வைத்துவிட்டால் என்ன ஆகிவிடும்?

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால் நான் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். வண்டியை நான் ஓட்ட, மாணவர் பக்கத்து இருக்கையில் இருப்பார். சர்வீஸ் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் மூன்று எண்ணச் சொல்வேன். திறந்ததும், மூடுவதற்கு முன் இல்லாத எது இப்போது சாலையில் இருக்கிறது என்று கேட்பேன். ஒருநாள் ஒரு மாணவி கண்ணைத் திறந்தபோது, புளியமரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆடுகளும் அவற்றை விரட்டிக்கொண்டு ஒரு சிறுவனும் சாலையின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தார்கள். நான் முன்பே பார்த்து வேகத்தைக் குறைத்திருந்தேன். அந்தப் பெண் அதன்பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

அது 40 கிலோமீட்டர் வேகம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர் ஓடுகிறது. ஒரு வாட்ஸ்அப் செய்தியை யார் அனுப்பினார்கள், என்ன அனுப்பினார்கள் என்று பார்க்க மூன்று நொடி என்று வைத்துக்கொண்டாலும் 67 மீட்டர் ஆகிறது. அவ்வளவு தூரம் காரில் ஓட்டுநர் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

கவனம் சிதறி நடக்கும் விபத்துகள் மற்றவற்றைவிடக் கொடியவையாக இருப்பது ஏன்?

எல்லாரும் கேட்க வேண்டியதும், மிகச் சிலரே கேட்பதுமான கேள்வி இது. கவனம் சிதறினால் விபத்து நடக்க வாய்ப்புக் கூடும் என்பது அனைவருக்கும் தெரியும். ஆனால் அப்படி நடக்கும் விபத்தில் அடியும் பலமாக இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காரணம் எளியது: பார்க்காதவர் பிரேக் போடுவதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். 70 மீட்டருக்கு முன்னால், பின்விளக்கு எரியாத ஒரு லாரி சாலையிலேயே நிறுத்தப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. சாலையில் கவனமாக இருப்பவருக்கு, பார்த்ததை மூளை உணர்ந்து கால் பிரேக்கை அடைவதற்குள் சுமார் ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 33 மீட்டர் போய்விடும். ஈரமில்லாத தார்ச்சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் 35 மீட்டர். ஆக, லாரிக்கு இரண்டு மீட்டர் முன்னால் வண்டி நின்றுவிடுகிறது. நெஞ்சு படபடக்கும், உயிர் தப்பிவிடும்.

அதே இடத்தில் ஒரு நொடி மட்டும் போனைப் பார்த்தவர், பிரேக் போட்டும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரியில் மோதுகிறார். இரண்டு நொடி பார்த்தவருக்குப் பிரேக்கின் மேல் கால் படுவதற்கே நேரம் இருக்காது. முழு 80 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவார். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், மோதலுக்கு முன் குறைக்கப்படும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உயிரோடு தொடர்புடையது. 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகத்துக்குச் சமம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாலையில் உளுந்தூர்பேட்டை அருகே அப்படியொரு காரைப் பார்த்தேன். மண் ஏற்றிய லாரியின் அடியில் முன்கண்ணாடி வரை புகுந்திருந்தது. சாலையில் டயர் தேய்ந்த தடம் ஒரு முழம்கூட இல்லை. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் தடம் பெரிதாக விழாது என்பது உண்மைதான். ஆனால் வண்டியின் மூக்கு ஒரு பக்கமாகத் திருப்பப்பட்ட அடையாளமும் இல்லை. ஒரு மனிதர் எதையாவது பார்த்துவிட்டால் கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பும். அந்தக் கார் நூல் பிடித்தாற்போல நேராகப் போய் நுழைந்திருந்தது. லாரியின் பின்புறத்தில் கார் புகும்போது இன்னொரு கொடுமையும் நேர்கிறது. மோதலைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்ட பானெட் பகுதி லாரியின் அடியில் போய்விட, லாரியின் இரும்புச் சட்டம் நேரே முகத்துக்கு வருகிறது. ஏர்பேக் விரிந்தாலும் அதனால் பெரிதாகக் காப்பாற்ற முடிவதில்லை.

ப்ளூடூத்தில் பேசினால் கை இரண்டும் ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது?

கை இருக்கிறது, மனம் இல்லை. போன் பயன்படுத்தியபடி ஓட்டுபவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதால் ஆபத்துப் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1997-இல் கனடாவின் டொரன்டோ நகரில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசி அழைப்புப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வும் இதே முடிவுக்குத்தான் வந்தது.

பேச்சில் மூழ்கியவரின் கண் சாலையைத்தான் நோக்கியிருக்கும். ஆனால் கண்ணில் பட்டது மனத்தில் பதியாது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். அங்கேயே 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, வண்டியிலுள்ள குரல்வழிக் கட்டளை வசதியைப் பயன்படுத்தி முடித்த பிறகும், கவனம் முழுமையாகத் திரும்ப 27 நொடிகள் வரை ஆகலாம் என்று கண்டறிந்தது. அழைப்பைத் துண்டித்த உடனேயே முழு ஓட்டுநராகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வது தவறு.

"அப்படியானால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதும் தவறா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவரும் சாலையைப் பார்க்கிறார். முன்னால் பேருந்து திடீரென்று ஒதுங்கினால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார்; சில நேரம் "பார்த்து, பார்த்து" என்று எச்சரிப்பார். தொலைவில் இருந்து பேசுபவருக்கு உங்கள் முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. நிலத் தகராறையோ பிள்ளையின் மதிப்பெண்ணையோ பற்றிய பேச்சை அவர் எந்த வளைவுக்காகவும் நிறுத்தமாட்டார்.

இரு சக்கர வண்டியில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுவதும் போனைக் கையில் பிடிக்காமல் பேசுவதுதான் என்று சிலர் வாதிடுகிறார்கள். அது பேச்சில் மனம் போவது, இரு சக்கர வண்டியில் இருப்பது ஆகிய இரண்டு ஆபத்துகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது.

இருபது ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் நன்றாக ஓட்டத் தெரிந்தவர். அதனால்தான் பழக்கத்தை விட அவருக்குக் கடினமாக இருக்கிறது. சாலை வெறிச்சோடி இருந்த ஆயிரம் தடவைகளில் போனைப் பார்த்தும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் அவருடைய திறமை அல்ல. அந்த நொடிகளில் யாரும் குறுக்கே வரவில்லை. நம் சாலைகளில் அதை நம்பவும் முடியாது. நான்கு வழிச்சாலையிலும் எதிர்த்திசையில் பைக் வரும். சென்டர் மீடியன் இடைவெளியில் டிராக்டர் திரும்பும். இரவில் மாடு படுத்திருக்கும். இப்படிப்பட்ட சாலையில் இருபது ஆண்டுகளாக அவர் தப்பிவந்ததற்கு, எதிரே வந்தவர்களின் கவனமும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

வழி தெரியாத ஊரில் மேப் பார்க்காமல் எப்படி ஓட்டுவது?

மேப் பார்க்கத் தடையில்லை. ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்காத வகையில் வழி காண்பதற்கு மட்டும் கைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபர் 1 முதல் இடம் தரப்பட்டிருக்கிறது. வண்டி நகரும் முன்பே போக வேண்டிய இடத்தைப் பதிந்துவிட்டு, போனை டேஷ்போர்டில் தாங்கியில் பொருத்தி, குரல் ஒலிக்கும்படி வைத்துவிடுங்கள். மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பதுதான் ஆகாது. வழி தவறிவிட்டால் அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்பி வாருங்கள்; அதற்குச் சில நிமிடங்கள்தான் செலவாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலாகவே கருதுகிறது. அந்தப் பிரிவின்படி முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. போன் பேசியபடி ஓட்டுபவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. உயிரிழப்பு நேர்ந்தால், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

எத்தனை பேர் இப்படி இறக்கிறார்கள்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2021-இல் இந்தியாவில் 4,12,432 சாலை விபத்துகள் நடந்து 1,53,972 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 55,682 விபத்துகள். எந்த மாநிலத்திலும் இல்லாத எண்ணிக்கை. செல்போன் பயன்படுத்தியதால் என்று பதிவானவை நாடு முழுவதும் 1,997 விபத்துகள், 1,040 மரணங்கள்.

இந்தக் கடைசி எண் உண்மையைவிட மிகக் குறைவானது என்பது என் உறுதியான கருத்து. குடித்திருந்தால் பரிசோதனையில் தெரிந்துவிடும். போனைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதை எந்தப் பரிசோதனையும் காட்டாது. உயிர் பிழைத்தவர் தானாக ஒப்புக்கொள்ளமாட்டார். இறந்தவரைக் கேட்க முடியாது. அழைப்பு விவரங்களை வாங்கிப் பார்த்தால் சில தெரியவரும். ஆனால் எல்லா வழக்கிலும் அவ்வளவு தூரம் போவதில்லை. அதனால் அவற்றில் பல அதிவேகம் என்ற தலைப்பில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

கால் டாக்சி ஓட்டுபவர்கள் போனைப் பார்க்காமல் எப்படிப் பிழைப்பது?

இந்தக் கேள்விக்கு முன் நான் தயங்கித்தான் நிற்கிறேன். சவாரி வந்தால் சில நொடிகளுக்குள் திரையைத் தொட்டு ஏற்க வேண்டும். தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும். இடையில் பயணி "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கூப்பிடுவார். லாரி ஓட்டுநருக்கோ முதலாளியிடமிருந்தும் சரக்குக்காரரிடமிருந்தும் மணிக்கு ஒரு போன். இங்கே ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஓடும் வண்டியில் சவாரி கேட்கும் செயலியை வடிவமைத்தவரும், எடுக்காவிட்டால் கோபிக்கும் முதலாளியும் அந்த ஆபத்தில் பங்குதாரர்கள். பயணிகளாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வண்டி வரும் இடம் திரையில் தெரியும்போது ஓட்டுநரைக் கூப்பிடாமல் இருக்கலாம். நம்மை ஏற்றிக்கொண்டு போகும்போது அவர் போன் பேசினால், "அண்ணா, ஓரமாக நிறுத்திப் பேசிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லலாம். இப்படிச் சொன்னதற்காக யாரும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

பின் இருக்கையிலும் சீட் பெல்ட் அவசியமா?

அவசியம், சட்டமும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பயணம் செய்த கார் பாலத்தின் தடுப்பில் மோதியபோது, பின் இருக்கையில் பெல்ட் அணியாதிருந்த அவரும் உடனிருந்தவரும் இறந்தார்கள். முன் இருக்கையில் இருந்த இருவர் பிழைத்தார்கள். கார் நின்றுவிடும்; பெல்ட் போடாத உடல் நிற்காது, அதே வேகத்தில் முன் இருக்கையில் போய் மோதும். குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்வது அதனினும் ஆபத்து. மோதலில் தாயின் கை எவ்வளவு இறுகப் பிடித்தாலும் தாங்காது. விரியும் ஏர்பேக்கும் குழந்தையின் மீதே அறையும்.

விபத்தைக் கண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் வண்டியைப் பாதுகாப்பான தூரத்தில் ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுங்கள். பின்னால் வரும் வண்டிகளைக் கை காட்டி எச்சரிக்க ஒருவரை நிறுத்துங்கள். முதல் விபத்தை வேடிக்கை பார்த்து நடக்கும் இரண்டாவது விபத்துகள் ஏராளம். 108-ஐ அழைத்து, ஊர்ப் பெயரோடு அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்தத் திசையில் செல்லும் பாதை என்பதையும் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு.

அடிபட்டவரைக் கை காலைப் பிடித்து இழுத்து வெளியே போடாதீர்கள். தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லாதபோது, தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்தபடி ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதே நல்லது. கழுத்தெலும்பு முறிந்தவரைத் தவறாகத் தூக்கினால் தண்டுவடம் அறுந்து, வாழ்நாள் முழுவதும் படுக்கையிலேயே கிடக்க நேரலாம். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். நம் ஊரில் அன்பினால் செய்யப்படும் தவறு இது. நினைவு தடுமாறியவரின் மூச்சுக்குழாய்க்குள் அந்தத் தண்ணீர் போய்விடும். எழுந்து நடப்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்பத் தவறாதீர்கள். கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிவது வெளியே தெரியாது; தலைக்குள் கசியும் இரத்தமும் சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டும்.

உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமே?

அந்தப் பயத்தினாலேயே பல உயிர்கள் போயிருக்கின்றன. உதவுபவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பின்னர் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவாகவே அது சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது.

சிகிச்சைக்குப் பணம் இல்லாவிட்டால்?

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. பதிவுபெற்ற தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கு இடமுண்டு. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று தெரியாத நிலையிலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயமடைந்தவருக்கு 50,000 ரூபாய் என இழப்பீடு 2022 ஏப்ரல் முதல் வழங்கப்படுகிறது. மற்ற இழப்பீடுகளுக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும். அதற்கு முதல் தகவல் அறிக்கையும் மருத்துவ ஆவணங்களும் தேவைப்படும் என்பதால் ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

ஓட்டுபவருக்கு வீட்டிலிருந்து போன் செய்யாமல் இருக்க முடியுமா? மனம் கேட்கமாட்டேன் என்கிறதே.

"எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று கேட்பது அக்கறையால்தான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது கிளம்பும்போது ஒரு போன், திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒன்று, போய்ச் சேர்ந்ததும் ஒன்று என்று என் மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். இடையில் அவர் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் நான் எடுக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அவசரமானால் உடன் வருபவருக்குக் கூப்பிடுவார். தனியாகப் போகிறேன் என்றால் இரண்டு முறை தொடர்ந்து மணி அடிக்கவிட்டு நிறுத்துவார்; அதைக் கேட்டதும் அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திப் பேசுவேன். இந்த ஏற்பாட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த இரண்டு மணி இதுவரை மூன்று முறைதான் ஒலித்திருக்கிறது.

போனை எங்கே வைப்பது?

கை எட்டாத இடத்தில். சட்டைப்பையும் கியருக்குப் பக்கத்திலுள்ள குழியும் கை எட்டும் இடங்கள். ஓட்டும்போது அழைப்புகளையும் செய்திகளையும் அடக்கிவைக்கும் வசதி இப்போது பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, பையில் போட்டு, பையைப் பின் இருக்கையில் வைத்துவிடுங்கள். எங்கள் பள்ளியில் ஸ்டியரிங்கைத் தொடும் முன் மாணவர்கள் செய்யும் முதல் வேலை அதுதான். கண்ணாடியைச் சரிசெய்வதும் பெல்ட் போடுவதும் அதற்குப் பிறகு.